இடிக்கச் சொல்லும் முன் ஒரு தடவை தட்டிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் ஆண்டுதோறும் உங்கள் நாளிதழில் ஒரு செய்தி தவறாமல் வருகிறது. வடசென்னையில் ஜார்ஜ் டவுனிலும் ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் பாழடைந்த வீடுகள் இருக்கின்றன, மழையில் விழுந்தால் யார் பொறுப்பு, உடனே இடிக்க வேண்டும் என்று. கூடவே ஒரு படம்: காரை உதிர்ந்த சுவர், கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்று. இந்த வருஷமும் வந்தது. படத்தில் இருந்த வீடு எனக்குத் தெரிந்த வீடு. அதன் மொட்டை மாடியில் வேலை பார்த்திருக்கிறேன். அந்தச் சுவர் இப்போதைக்கு விழாது. படத்துக்குள் வராமல் பக்கத்தில் நிற்கிறதே, பிற்காலத்தில் கட்டிய கான்கிரீட் வீடு, அதன் சன்ஷேடைத்தான் நான் கவலையோடு பார்க்கிறேன். கம்பி துருப்பிடித்து, சிமென்ட் பாளம் பாளமாக விட்டுக்கொண்டிருக்கிறது. அதைப் படமெடுக்க யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அதற்கு பெயின்ட் அடித்திருக்கிறது.

நான் கொத்தனார். அப்பாவும் கொத்தனார்தான். அவரிடம் கற்றது சுண்ணாம்பு வேலை, பிறகு வயிற்றுப்பாட்டுக்குச் செய்தது பெரும்பாலும் சிமென்ட் வேலை. இப்போது சாரத்தில் ஏற மகன் விடுவதில்லை. இந்தக் கடிதத்தைப் பேத்தி கம்ப்யூட்டரில் அடித்துத் தருகிறாள். "தாத்தா, இவ்ளோ நீளமா யாரும் போட மாட்டாங்க" என்று நடுநடுவே சொல்கிறாள். வெட்டிக்கொள்ளுங்கள், வருத்தமில்லை. சுண்ணாம்பைப் பற்றி வருகிற இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

நான் கேட்பது இது ஒன்றுதான். ஒரு பழைய வீட்டின் கதவில் இடிக்கச் சொல்லி மாநகராட்சி நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன்னால், சுண்ணாம்புச் சுவரும் மர உத்திரமும் தெரிந்த ஒருவர் உள்ளே போய், மாடி ஏறி, தட்டிப் பார்க்க வேண்டும். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு எழுதுகிற நோட்டீஸ் வேண்டாம்.

எங்கள் பக்கத்து வீடுகள் எப்படிப்பட்டவை என்று தெற்கே இருக்கிற வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, அங்கப்ப நாயக்கன் தெரு, பவழக்காரத் தெரு, தங்கசாலை இந்தப் பெயரெல்லாம் கேள்விப்பட்டிருப்பீர்கள். கல்யாணப் பத்திரிகையும் ஸ்டீல் சாமானும் வாங்க வந்திருப்பீர்கள். கடைப் பலகைக்கு மேலே தலையைத் தூக்கிப் பார்த்திருக்க மாட்டீர்கள். மேலே பார்த்தால்தான் வீடு தெரியும்: மரத் தூண் வைத்த மாடத் தாழ்வாரம், சாய்வுச் சட்டம் போட்ட ஜன்னல், சுண்ணாம்பில் இழைத்த பூவேலை.

ஜார்ஜ் டவுன் என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டாவது ஊர். முதல் ஊர், வெள்ளைக்காரர்கள் கறுப்பர் பட்டணம் என்று சொன்னது, கோட்டையை ஒட்டி, இப்போது உயர் நீதிமன்றம் இருக்கிற பக்கத்தில் இருந்தது. 1746இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அதில் ஒரு பகுதியை இடித்தார்கள். திரும்பி வந்த ஆங்கிலேயர்கள், பீரங்கிக்குக் குறுக்கே எதுவும் நிற்கக் கூடாது என்று மிச்சத்தையும் இடித்துத் திடலாக்கினார்கள். இந்த எல்லைக்குள் இனி வீடு கட்டாதே என்று 1773இல் நட்ட தூண்களில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரமாக இன்னும் நிற்கிறது. வீடு இழந்தவர்கள் வடக்கே நகர்ந்தார்கள். முத்தியால்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும் பெருத்தன. ஹைதர் அலியின் குதிரைகள் ஊர் வாசல்வரை வந்துபோன பயத்தில் இந்தப் புது ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். பால் பென்ஃபீல்டு என்பவருக்கு கான்டிராக்ட். அவர் அதில் நன்றாகச் சம்பாதித்தார் என்று படித்தவர்கள் சொல்வார்கள். கான்டிராக்ட் என்றால் அன்றைக்கும் அப்படித்தான் போல. மதில் செலவை ஊர்க்காரர்கள் தலையில் வரியாகக் கட்டப் பார்த்து முடியாமல் போனது. வரி போய்விட்டது, மதில் வரி என்று அர்த்தம் வருகிற வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் நின்றுவிட்டது. மதிலில் ஒரு துண்டு பழைய ஜெயில் ரோட்டில் மாடிப் பூங்காவுக்கு அடியில் இருக்கிறது. அப்பா என்னை அங்கே கூட்டிப்போய்ச் சுவரைத் தடவச் சொல்வார். "எத்தனை மழை பார்த்திருக்கும் பாரு" என்பார்.

மதிலுக்கு வடக்கே ராயபுரமும் வண்ணாரப்பேட்டையும். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது ராயபுரத்திலிருந்துதான், வாலாஜா ரோட்டுக்கு. அந்த ஸ்டேஷன் கட்டடத்தைத் தூணோடு காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், சந்தோஷம். மேற்கு மாதா கோயில் தெருவில் பார்சிக்காரர்களின் அக்கினிக் கோயில், செம்படவரும் படகுக்காரரும் கும்பிடுகிற புனித பீட்டர் ஆலயம், அர்த்தூன் ரோடு என்று ஓர் ஆர்மீனியர் பேரில் ரோடு. கோயில், ஸ்டேஷன், ஆஸ்பத்திரி இவற்றுக்கெல்லாம் யாராவது குரல் கொடுக்கிறார்கள். இவற்றுக்கு நடுவில் இருக்கிற சாதாரண வீட்டுக்குத்தான் யாருமில்லை. 2010இல் உயர் நீதிமன்றம் பழம்பெரும் கட்டடங்களைப் பற்றி ஒரு தீர்ப்பு சொன்னது. 467 கட்டடங்கள் என்று ஒரு பட்டியலும் இருக்கிறது. 2012இல் மரபுச் சின்ன ஆணையத்துக்கு ஒரு சட்டமும் போட்டார்கள். எங்கள் தெருவில் ஒரு வீடும் எந்தப் பட்டியலிலும் இல்லை. அரண்மனை என்றால் பட்டியலில் வரும். திண்ணை வைத்த வீடு எப்படி வரும்?

சரி, வேலைக்கு வருகிறேன்.

இந்த வீடுகள் முகம் ஒடுங்கி உள்ளே நீண்டு போகும். திண்ணை, நடை, முற்றம், கூடம், இரண்டாங்கட்டு, கிணற்றடி. பக்கச்சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. ஒண்ணரை அடி, சில இடத்தில் இரண்டடி கனம். இந்த வீட்டு மரச்சட்டமும் அந்த வீட்டு மரச்சட்டமும் ஒரே சுவரில் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கும். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

தளம்தான் இதில் பெரிய வித்தை. இன்ஜினீயர்கள் மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். உத்திரத்தின் மேல் தேக்குச் சட்டங்களை நெருக்கமாக அடுக்கி, அதன் மேல் மெலிசான சின்னச் செங்கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் வரிசை பிடித்து, சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே போக வேண்டும். கீழே பலகை அடைப்பு கிடையாது, முட்டு கிடையாது. ஒரு செங்கல் அடுத்த செங்கல்லைப் பிடித்துக்கொள்ளும். கை வேகமும் சாந்தின் பதமும் சேர்ந்தால்தான் நடக்கும். அது இறுகியதும் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மேலே கொட்டுவார்கள். கொட்டினால் ஆயிற்றா? பெண்கள் வரிசையாகக் குந்தி, கையில் மரக்கட்டை வைத்து, காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டுவார்கள். அடித்த கட்டை உள்ளே போகாமல் எகிறி வர வேண்டும், அதுதான் கணக்கு. அதற்கும் மேல் தட்டையான ஓடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பதித்து, சந்து பூசுவது. வீட்டைக் கட்டியது மேஸ்திரி என்று சொல்வார்கள். மழை நீரை உள்ளே விடாமல் நிறுத்தியது அந்தப் பெண்களின் தோள். அவர்களுக்குச் சித்தாள் கூலி.

தேக்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. சுண்ணாம்பு, பழவேற்காடு ஏரிக் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்தது. கிளிஞ்சல் சுண்ணாம்பை வழவழப்பாக அரைத்து, பூசித் தேய்த்தால் சுவரில் முகம் தெரியும். இன்றைக்கு ஒரு வேலையாளிடம் சொன்னால் சிரிக்கிறான்.

இப்படிக் கட்டியது ஏன் கெடுகிறது? வயசானதால் கெடுவதில்லை. நாம் கெடுத்ததால் கெடுகிறது. ஒவ்வொரு வீட்டிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

முதலில் ரோடு. ரோடு போடும்போதெல்லாம் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டு வந்தார்கள். மூன்று படி ஏறிப் போன வீடு, இன்று ஒரு படி இறங்கிப் போகிற வீடாகிவிட்டது. திண்ணை நடைபாதை மட்டத்துக்கு வந்துவிட்டது. மழைத் தண்ணீர் நடைக்குள் வந்து நிற்கிறது. அடிச்சுவரில் ஓதம் ஏறுகிறது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே எழுத்தில் சொன்னார். அதற்கு முன்னால் ஏறிய உயரம் ஏறியதுதானே?

ஓதம் ஏறியதும் வீட்டுக்காரர் பயந்துபோய்ச் சிமென்ட் பூசச் சொல்கிறார். இங்கேதான் வினை. சுண்ணாம்புச் சுவருக்குள் போன ஈரம் வெயில் வந்தால் தானாக வெளியே வந்துவிடும். சுவர் ஈரமாகும், காயும், ஈரமாகும், காயும். கடற்கரை ஊரில் நூறு வருஷம் அது அப்படித்தான் இருந்தது. மேலே சிமென்ட் பூசிவிட்டால் ஈரம் வெளியேற வழியில்லை. உள்ளேயே நின்று மேலே மேலே ஏறும். இரண்டடியில் இருந்த ஓதம் ஆளுயரத்துக்கு வரும். செங்கல்லுக்குள் உப்புப் பூத்து, செங்கல் மாவாகும். வெளியே பார்த்தால் சிமென்ட் பூச்சு அழகாக இருக்கும். தட்டினால் தொம் தொம் என்று ஓட்டைப் பானைச் சத்தம் கேட்கும். ஒரு நாள் பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழும், கூடவே செங்கல்லும் வரும். உடனே "பழைய வீடு, பொரிந்துபோச்சு" என்பார்கள். பொரிய வைத்தது அந்த ஒரு அங்குலச் சிமென்ட்.

அடுத்தது மாடி. முற்றத்துக்கு அப்பால் கிணற்றடியில் இருந்த குளியலறையை மாடிக்குக் கொண்டுபோனார்கள். குடித்தனம் பெருகியது, வேறு வழியில்லை, தப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் குழாய் ஒழுகுகிறதா என்று பார்ப்பதில்லை. ஒழுகும் தண்ணீர் சுவரோரமாக இறங்கி, சுவருக்குள் உட்கார்ந்திருக்கிற சட்டத்தின் முனைக்குப் போய்ச் சேரும். தேக்கு நடுவில் கெடாது. காற்றுப் படாத முனைதான் மக்கும். மொட்டை மாடியில் தண்ணீர் வழிகிற தூம்பு அடைத்துக்கொண்டால் இன்னும் மோசம். அதற்கு மேல் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி. ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன் எடை, அதை எந்தச் சட்டத்தின் மேல் வைக்கிறோம் என்று யார் யோசிக்கிறார்கள்? ஒழுகுகிறதே என்று சிமென்ட் கலவையை மேலே மேலே பூசி, தளத்தின் பாரத்தையும் ஏற்றிவிடுவார்கள்.

அரசங்கன்று பற்றிச் சொல்லவே வேண்டாம். காக்கை போட்ட விதை. விரல் நீளத்தில் இருக்கும்போது பிடுங்கிப் போடலாம். "அரச மரமாச்சே, பாவம்" என்று விட்டுவிடுகிறார்கள். வேர் சுவருக்குள் இறங்கியபின் அதை எடுக்கச் சுவரையே பிரிக்க வேண்டும்.

இதையெல்லாம் ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், இவற்றில் எதுவும் வீட்டை இடிக்கக் காரணமில்லை. மக்கிய முனையை மட்டும் வெட்டி, புது மரம் சேர்த்து ஒட்டலாம். அல்லது சுவரோரமாக இரும்பு சேனல் கொடுத்துச் சட்டத்தைத் தாங்கலாம். சிமென்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசினால், சுவர் மெல்ல மெல்லக் காயும். நல்ல சட்டத்தைச் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டினால் மணிச் சத்தம். கெட்டுப்போனதில் சத்தமே வராது. முனையில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினால் எவ்வளவு தூரம் உள்ளே போகிறதோ அவ்வளவு கெட்டிருக்கிறது. இதற்குப் பெரிய மெஷின் வேண்டாம், ஓர் ஏணியும் அரை நாளும் போதும்.

முத்தியால்பேட்டையில் ஒரு வீடு. தெரு பெயர் வேண்டாம். மாடியில் குளியலறைக்குக் கீழே ஒரு மூலையில் காரை விழுந்தது. யாரோ புகார் கொடுத்தார்கள். அதிகாரி ஒருவர் வந்து, வாசலில் நின்று செல்போனில் படம் எடுத்தார். கொஞ்ச நாளில் நோட்டீஸ் வந்தது, கட்டடம் அபாய நிலையில் இருக்கிறது, காலி செய்து இடிக்கவும் என்று. அந்த வீட்டு அம்மா என்னைக் கூப்பிட்டார். தட்டிப் பார்த்தேன். அந்த மூலையில் நான்கு சட்டத்தின் முனை போயிருந்தது, மீதி எல்லாம் கணகண என்றது. எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நான் எழுதிக் கொடுத்தால் யார் மதிப்பார்கள்? சான்றிதழ் தரப் பதிவு பெற்ற இன்ஜினீயர் வேண்டும். இன்ஜினீயர் வந்தார், நல்ல பையன், மரியாதையாகப் பேசினார். கான்கிரீட்டும் கம்பியும்தான் படித்ததாகச் சொன்னார். மரச்சட்டத் தளத்துக்குக் கையெழுத்துப் போட அவருக்குத் துணிவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது, நாளைக்கு ஏதாவது ஆனால் அவர் தலைதானே உருளும்.

பங்காளிகள் கூடிப் பேசி இடிக்க ஒப்புக்கொண்டார்கள். இடிப்புக் கான்டிராக்டர் வந்தார். அவர் மட்டும் உள்ளே போய், மாடி ஏறி, ஒவ்வொரு சட்டமாகத் தட்டிப் பார்த்தார்! தேக்குக்கும் நிலைக்கதவுக்கும் பழைய செங்கல்லுக்கும் விலை போட்டார். இடிப்பதற்கு வீட்டுக்காரர்கள் அவருக்குக் காசு கொடுக்கவில்லை, அவர்தான் வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்தார். விழப்போகிறது என்று எழுதிய வீட்டை இறக்க ஆட்கள் கடப்பாரையோடு திணறியதைத் தெருவே நின்று பார்த்தது. கெட்டுப்போன மரத்துக்கு எவன் ஐயா காசு கொடுப்பான்?

அதோடு முடியவில்லை. பொதுச்சுவர் என்று சொன்னேனே, அது இப்போது வெட்டவெளியில் நின்றது. அந்தப் பக்கம் எந்தக் காலத்திலும் பூச்சு பார்க்காத சுவர். சட்டம் உருவிய பொந்துகள் வாயைத் திறந்துகொண்டிருந்தன. அடுத்த மழை நேரே அதில் இறங்கியது. இப்போது பக்கத்து வீட்டுக்கும் நோட்டீஸ் வந்துவிட்டது. வரிசை வீடுகள் இப்படித்தான் போகும், ஒன்றன் தோளில் ஒன்று கை போட்டு நிற்பவை அவை.

பழைய மாநகராட்சிச் சட்டம், 1919ஆம் வருஷத்துச் சட்டம், அதில் 258ஆம் பிரிவை ஒரு வக்கீல் எனக்குப் படித்துக் காட்டினார். அபாயமான கட்டடம் என்றால் உரிமையாளரை நான்கில் ஒன்றைச் செய்யச் சொல்லலாம்: சுற்றி வேலி போடு, இறக்கு, தாங்கு கொடு, பழுது பார். எழுதிய வெள்ளைக்காரன் நான்கு வழி வைத்திருந்தான். நம் நோட்டீஸ்களில் நான் பார்த்ததெல்லாம் ஒரே வழி. 2023இல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான புதுச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் எதுவானாலும், "பழுது பார்" என்ற வழியைத் தாளில் முதலில் அச்சடியுங்கள், "இறக்கு" கடைசியில் வரட்டும்.

உயிரைப் பற்றி யோசிக்காமல் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். உடனே வெளியே வாருங்கள், இன்று ராத்திரி இங்கே படுக்காதீர்கள் என்று நானே சொன்ன வீடுகள் உண்டு. சுவர் வயிறு தள்ளியிருந்தால், மூலையில் சுவர் இரண்டாகப் பிரிந்து மேலே போகப் போக விரிசல் அகலமாகியிருந்தால், கடைக்காக நடுச்சுவரை எடுத்துவிட்டு ஒரு கர்டரில் மாடியைத் தொங்க விட்டிருந்தால், பேச்சே கிடையாது. ஆனால் வயதை வைத்து ஆபத்தை அளக்காதீர்கள். 2014 ஜூனில் மௌலிவாக்கத்தில் கட்டி முடிக்காத 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் செத்தார்கள். 2021 டிசம்பரில் நம் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட அரசுக் குடியிருப்பு பொலபொலவென்று உட்கார்ந்தது. ஜனங்கள் முன்கூட்டியே வெளியே ஓடி வந்ததால் உயிர் தப்பியது. அதற்கு முப்பது வயது முடியவில்லை. கான்கிரீட் வீட்டையெல்லாம் இடி என்று அப்போது யாரும் எழுதவில்லை. ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும் என்றுதான் எழுதினார்கள். அந்த நியாயத்தைத்தான் எங்கள் வீடுகளுக்கும் கேட்கிறேன்.

வீட்டுக்காரர்களைத் திட்டுகிறவர்களோடும் எனக்கு ஒப்புதலில்லை. வெளியூரிலிருந்து கேமராவோடு வருகிறவர்கள் "ஐயோ, எவ்வளவு அழகு, ஏன் இடிக்கிறார்கள்" என்கிறார்கள். ஒரு வீட்டுக்கு ஏழெட்டுப் பங்காளி. ஒருத்தர் மடிப்பாக்கத்தில், ஒருத்தர் அமெரிக்காவில். 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் நின்றுபோன வாடகையை வைத்துக்கொண்டு வெள்ளை அடிக்கக்கூட முடியாது. 2019இல் புது வாடகைச் சட்டம் வந்தும் பழைய வழக்குகள் தீர்ந்தபாடில்லை. குடித்தனத்துக்கு விட்டால் கிடைப்பதைவிடக் குடோனுக்கு விட்டால் கூட. குடோனுக்கு விட்டால் முற்றத்துக்கு மேல் தகரம் போட்டு மூடி, இரண்டாங்கட்டுவரை மூட்டை அடுக்குவார்கள். வெளிச்சம் போனால் ஈரம் தங்கும், ஈரம் தங்கினால் கறையான் வரும். மாடிப்படி ஏற முடியாத பெரியவர்களுக்கு லிப்ட் வைத்த வீடு வேண்டும் என்றால் அதுவும் நியாயம்தானே. பழுது பார்க்க நினைக்கிற வீட்டுக்காரருக்கு எங்கள் பக்கம் நான் கண்டவரை ஒரு சகாயமும் இல்லை. புதிதாகக் கட்ட பேங்கில் கடன் உடனே கிடைக்கிறது. மரச்சட்டத்தின் முனையை மாற்றக் கடன் கேட்டுப் பாருங்கள்.

புதுச்சேரியில் வைசியாள் வீதி என்று ஒரு தெரு இருக்கிறது, கால்வே சுப்பராய செட்டித் தெரு என்றும் சொல்வார்கள். தமிழர் பகுதி, நம்மைப் போலவே திண்ணையும் தாழ்வாரமும். அங்கே பழைய கட்டடங்களைக் காக்கிற இன்டாக் அமைப்பும் அரசும் ஐரோப்பியப் பணமும் சேர்ந்து, வீட்டுக்காரர்களையும் பங்கு போட வைத்து, தெரு முகத்தை வரிசையாகச் சரிசெய்தார்கள். 2008இல் யுனெஸ்கோ விருது கொடுத்தது. மருமகன் ஊர் அந்தப் பக்கம் என்பதால் நான் போய்ப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பிடித்தது விருது இல்லை. தனித்தனி வீடாக எடுக்காமல் தெருவாக எடுத்தார்களே, அதுதான். வரிசை வீட்டுக்கு வேறு மருந்து கிடையாது. இங்கேயும் முடியாததில்லை. சேப்பாக்கத்தில் ஆற்காட்டு நவாபின் அரண்மனையில் ஒரு பகுதியான ஹுமாயூன் மகாலைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்பும் கடுக்காயும் வைத்தே எடுத்து நிறுத்தியிருக்கிறது. அந்த அரண்மனையைக் கட்டியதும் நம் மதில் கான்டிராக்டர் பென்ஃபீல்டுதான் என்பார்கள். அங்கே வேலை செய்த கைகள் சும்மா இருக்கின்றன. வடசென்னை வளர்ச்சித் திட்டம் என்று 2024இல் தொடங்கி ஆயிரக்கணக்கான கோடியில் பேருந்து நிலையம், பள்ளிக்கூடம், சமுதாயக் கூடம் என்று நடக்கிறது. நல்லது, எங்களுக்கு அதெல்லாம் வெகு நாளாக வேண்டியிருந்தது. அதிலிருந்து ஒரு சின்னக் கிள்ளு எடுத்து ஒரே ஒரு தெருவை, முத்தியால்பேட்டையில் ஒன்றோ ராயபுரத்தில் ஒன்றோ, எடுத்துச் செய்து காட்டலாம். நோட்டீஸ் கொடுக்கும் இன்ஜினீயர்களில் சிலரைச் சுண்ணாம்பு வேலையில் கொஞ்ச காலம் உட்கார வைக்கலாம். சொல்லிக்கொடுக்க என்னைப் போல் நாலு பேர் இன்னும் இருக்கிறோம், கூலி கேட்க மாட்டோம். டீ வாங்கிக் கொடுத்தால் போதும்.

அது நடக்கிறபோது நடக்கட்டும். மழை அதற்காகக் காத்திராது. பழைய வீட்டில் இருக்கிறவர்கள் இந்த வாரமே மொட்டை மாடிக்குப் போய்த் தூம்பில் இருக்கும் சருகையும் பந்தையும் எடுங்கள். கைப்பிடிச் சுவரில் கன்று முளைத்திருந்தால் பாவம் பார்க்காமல் வேரோடு பிடுங்கி, அந்த ஓட்டையைச் சுண்ணாம்பால் அடையுங்கள். தண்ணீர்த் தொட்டி தளத்தின் நடுவில் இருந்தால், சுவருக்கு மேல் வருகிற மாதிரி நகர்த்துங்கள். குளியலறைக்குக் கீழே இருக்கிற கூரையில் மஞ்சள் கறை இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் முதலில் குழாயைச் சரிசெய்யுங்கள், பூச்சு பிறகு. தளத்தில் மயிர் விரிசல் தெரிந்தால் கடையில் விற்கிற பெயின்ட் மாதிரிப் பூச்சை வாங்கிப் பூச வேண்டாம். நீறின சுண்ணாம்பும் நைசாகச் சலித்த செங்கல் தூளும் கலந்து, கடுக்காய்த் தண்ணீரில் குழைத்துத் தேய்த்து, ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டு மூடி வையுங்கள்.

கடுக்காய் எங்கே கிடைக்கும் என்று கேட்டு ஆள் அனுப்புகிறார்கள். ராசப்பா செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். பொடியாக வாங்காதீர்கள், கலப்படம். முழுக் காயாக வாங்கி, உடைத்து, வெல்லத்தோடு சில நாள் ஊறப் போடுங்கள். நாற்றம் வரும். பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இப்படிக்கு,
ஒரு பழைய கொத்தனார்,
ராயபுரம், சென்னை - 13.